குடியை விட்டேன், ஜெபத்தைப் பிடித்தேன். வீடு ஏன் என்னோடு வரவில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர். கல்ஃபில் டிரைவராக இருந்துவிட்டு 2020-ல் ஊர் திரும்பினார். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்திலும் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். மனைவிக்கு முந்திரி ஆலையில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. ஊருக்கு வந்த புதிதில் குடியில் விழுந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மனம் திரும்பி, அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை.

அதற்கப்புறம் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். அதிகாலை 2 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், 3 மணிக்கு வெட்டு. வெள்ளிக்கிழமை முழு உபவாசம். மாதம் ஒரு முழு இரவு ஜெபம். தினமும் இரவு 9 மணிக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குடும்ப ஜெபம். ‘வீடு இதில் எதற்கும் ஒத்துழைக்கவில்லை’ என்பது அவர் வருத்தம். மகன் குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கிறான், திடப்படுத்தல் வகுப்புக்கும் போகமாட்டேன் என்கிறான். போன மாதம் அவனைப் பெல்ட்டால் அடித்திருக்கிறார். இரண்டு நாள் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. “குடிச்சிட்டு வந்தப்பகூட நீங்க என்னைய இப்படி அடிக்கல்ல” என்று சொல்லியிருக்கிறான்.

மனைவி பேச்சைக் குறைத்துவிட்டார். அதற்குக் காரணம் ஒரு ஆறு பவன் மாலை. ஆலயக் கட்டுமான நிதிக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று இரண்டு லட்சம் ரூபாய் தருவதாக இவர் பொருத்தனை செய்தார். தோட்டச் செலவு என்று சொல்லி, மனைவிக்குத் தகப்பன் வீட்டில் போட்ட மாலையை அடகு வைத்து, அதில் ஒன்றரை லட்சம் கட்டினார். அடகு புதுப்பிக்கச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. “மாலை வரட்டும், பொறவு பேசுவோம்” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். இரவில் பிள்ளைகளோடு அடுத்த அறையில் படுக்கிறார்.

இவருடைய ஜெபக் குழுவை நடத்துகிறவர், ‘ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டார்தான் என்று வசனமே சொல்கிறது, இது சோதனை, 21 நாள் உபவாசம் இருங்கள்’ என்கிறாராம். ‘விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை தாங்கியதைப் போல நானும் தாங்கத்தான் வேண்டுமோ’ என்று சகோதரர் எழுதியிருக்கிறார். அவர் கேட்பவை மூன்று. குடும்பத்தை வேதத்தின்படி கீழ்ப்படியச் செய்வது எப்படி? தேவனுக்குக் கொடுத்தது தப்பா? வரப்போகும் சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

மூன்று வருஷம் குடிக்காமல் இருப்பது சாதாரண காரியம் இல்லை. அந்த ஒன்றை மட்டும் பிடிக்க முடியாமல் சிதறிப்போன எத்தனையோ வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. அதிகாலை எழுகிறீர்கள், வேதம் வாசிக்கிறீர்கள், உங்கள் வீடு தேவனுக்குரிய வீடாக இருக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்கள். அந்த ஏக்கம் உண்மையானது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் நேராகப் பேசுகிறேன்.

உங்கள் மனைவியும் மகனும் உங்கள் ஜெபத்துக்குத் தடையாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். ஜெபத்துக்குத் தடை வருவதைப் பற்றிக் கணவர்களுக்கென்றே பேதுரு ஒரு வசனம் எழுதியிருக்கிறார்: முதலாம் நிருபம், 3:7. விவேகத்தோடு மனைவியுடன் வாழுங்கள், அவளுக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள், ‘உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு’ என்கிறார். மனைவி ஒத்துழைக்காவிட்டால் ஜெபம் தடைபடும் என்று அவர் சொல்லவில்லை. கணவன் மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காவிட்டால் கணவனின் ஜெபம் தடைபடும் என்கிறார். மூன்று மணிக்குப் பதில் இரண்டு மணிக்கு எழுந்தும், ஒரு நாள் உபவாசத்தை 21 நாளாக்கியும் அந்தத் தடையை நீக்க முடியாது. மாலைக் கணக்கும் மகன் கணக்கும் தீர வேண்டும். உங்கள் கேள்விகளுக்கு நான் சொல்லப்போவது எல்லாமே இதையொட்டித்தான்.

வீட்டாரே சத்துரு என்கிற வசனத்தையும் பார்த்துவிடுவோம். மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீஷர்களை அனுப்பும்போது, தம்மைப் பின்பற்றுவதற்காகவே வீட்டாரால் பகைக்கப்படப் போகிறவர்களைத் தைரியப்படுத்துகிறார். உங்கள் மனைவி கிறிஸ்துவைப் பகைக்கிறாரா? ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறார், சமைக்கும்போது ஆலயக் காணிக்கைக்காகக் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன்னிடம் பொய் சொன்ன கணவனிடம் பேசப் பிடிக்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். அது விசுவாசத்துக்கு எதிர்ப்பு ஆகாது.

தேவசகாயம் பிள்ளையோடு உங்களை ஒப்பிட்டதும் சரியில்லை. நட்டாலத்தில் பிறந்த அந்த மனிதர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சிறைப்பிடித்து ஊர் ஊராக இழுத்துப்போனது திருவிதாங்கூர் அரசு, அவர் மனைவி இல்லை. மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, இந்தியாவிலிருந்து அந்த நிலைக்கு உயர்ந்த முதல் பொதுநிலையினர், மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர் என்பதை நாம் எல்லோரும் பெருமையாகச் சொன்னோம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டாதவர்களைச் சிறைக்காவலரின் இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அவர் வாழ்க்கையை எடுக்கக் கூடாது.

முதலில் மாலை

‘எல்லாம் தேவனுடையது, அவருக்குக் கொடுத்ததில் என்ன தப்பு’ என்று கேட்கிறீர்கள். தாவீது ராஜா ஒருமுறை பலிபீடம் கட்டப் போனார். களத்துக்குச் சொந்தக்காரனான அர்வனா களத்தையும் மாட்டையும் விறகையும் இலவசமாகவே தருகிறேன் என்றான். தாவீது வாங்கிக்கொள்ளவில்லை. இலவசமாய் வாங்கி என் தேவனுக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று சொல்லி, ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார் (2 சாமுவேல் 24). அர்வனா மனசாரக் கொடுத்தும் தாவீதுக்கு அது ஒப்பவில்லை. உங்கள் மனைவி கொடுக்கவே இல்லை. அவரிடம் கேட்கக்கூட இல்லை. தோட்டச் செலவு என்று சொன்னீர்கள்.

அப்படியானால் அந்தக் காணிக்கையைக் கொடுத்தது யார்? ஊர் பார்த்தது உங்களை. கழுத்து வெறுமையானது மனைவிக்கு. இந்த ஒரு விஷயத்தை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எழுந்து நின்று தொகையைச் சொன்ன அந்த நிமிஷத்தில் பக்திதான் இருந்ததா, இல்லை ‘குடிகாரன்’ என்று தன்னை ஏளனமாகப் பார்த்த ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற தவிப்பும் கூட இருந்ததா? இருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். பல வருஷம் தலைகுனிந்து நடந்தவனுக்கு அந்த ஆசை வரும். ஆனால் அதற்கான விலையை மனைவி கட்டியிருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் சபைகளின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு வெளிச்சம் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னும் வேலையும் தொடங்கினார். அந்த லேஸ் கூலியைச் சேர்த்து வைத்து, அடிமைத்தனத்திலிருந்து தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. ஒரு பெண்ணின் கையில் அவளுக்கென்று ஒரு காசு இருப்பது இந்த மண்ணில் அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. தகப்பன் வீட்டு மாலையும் அப்படித்தான். ஆலையில் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரித்துவிட்டு வரும் அவருக்கு, ஆபத்துக்கு உதவும் என்று நம்பி வைத்திருந்தது அது ஒன்றுதானே.

என்ன செய்யலாம்? மாலையை மீட்பதற்கு முன்பே, முதலில் அடகு ரசீதை மனைவி கையில் கொடுங்கள். எவ்வளவு வாங்கியது, எவ்வளவு வட்டி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று மூடி மறைக்காமல் சொல்லுங்கள். நகைக் கடனில் இடையிடையே அசலில் ஒரு பகுதியைக் கட்ட முடியும். மாதாமாதம் ரப்பர் ஷீட் விற்ற காசில் இவ்வளவு என்று இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தனியார் நிதி நிறுவனத்தில் வைத்திருந்தால், வங்கிக்கோ கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மாற்றினால் வட்டி குறையுமா என்று விசாரியுங்கள். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களிலும் அடைமழை நாட்களிலும் கைக்குக் காசு வராது, அதையும் கணக்கில் வையுங்கள். தவணை விட்டுப்போனால் முன்னறிவிப்புக்குப் பிறகு நகை ஏலத்துக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். இதை அடைக்க இன்னொரு கடன், அதுவும் தினவட்டிக்கு வாங்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாக்கி ஐம்பதாயிரத்தைப் பொருத்தனை என்பதால் எப்படியாவது கட்டியே ஆக வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ‘என் மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் வைத்துக் கொடுத்துவிட்டேன், அதை மீட்ட பிறகுதான் மீதியைக் கொடுக்க முடியும்’ என்று சொல்ல நாக்கு கூசும், சொல்லுங்கள். பொருத்தனையை நிறைவேற்ற வேண்டும்தான். அது உங்கள் உழைப்பிலிருந்து, உங்கள் மனைவிக்குத் தெரிந்து, தாமதமாக நிறைவேறினால் போதும். நல்ல போதகர் எவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ‘கணவனுக்கு இல்லாத உரிமையா’ என்று கடிதத்தில் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். திருமணத்தின்போது பெண்ணுக்கு அவள் வீட்டார் போட்ட நகை அவளுடைய தனிச் சொத்து. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி சொன்னது: கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு; அதன்மேல் அவனுக்கு உரிமையோ அதிகாரமோ இல்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். மனைவியின் நகையைப் பறிப்பதும் அவளுக்குத் தெரியாமல் கைமாற்றுவதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பொருளாதார வன்முறைக்குள் வரும். நகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட முடியும்.

பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அவனைத் தாக்கி, தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாக்குவதைக் குற்றம் என்கிறது. பெற்றோருக்கும் அது பொருந்தும். பெல்ட் தழும்போடு பையன் பள்ளிக்கூடத்தில் நின்று, ஆசிரியை ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்திருந்தால் அந்த இரண்டு நாள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி இதுவரை யாரிடமும் போகவில்லை. அவர் போகக்கூடிய இடங்கள் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் போனால் அது அவருடைய உரிமை. அவரைத் தடுப்பதோ மிரட்டுவதோ கூடாது.

மகன்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அவன் சொன்ன அந்த ஒரு வரி. ‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்பதற்குச் சாட்சியாக நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. குடித்துவிட்டு வந்த அப்பாவை அவன் பார்த்தான். அப்பா நல்லவர், சாராயம்தான் கெட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். இப்போது சாராயம் இல்லை. அடி இருக்கிறது. இனி அவன் எதைக் குற்றம் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வான்? உங்கள் ஜெபத்தையும் வேதத்தையும்தான் சொல்வான். சொல்லத் தொடங்கிவிட்டான். அவன் திடப்படுத்தல் வகுப்புக்கு வரமாட்டேன் என்பதில் பாதி இதுதான்.

‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்ற நீதிமொழியை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். அதே நீதிமொழிகள் முழுக்க ஒரு தகப்பன் ‘என் மகனே, கேள்’ என்று உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். பவுல் தன் நிருபங்களில் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தகப்பன்மாருக்கு இரண்டே இடத்தில் நேராகக் கட்டளை கொடுக்கிறார், எபேசியரிலும் கொலோசெயரிலும். இரண்டிலும் முதல் வார்த்தை, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்பதுதான். கொலோசெயரில் காரணமும் சொல்கிறார்: அவர்கள் திடனற்றுப் போகாதபடிக்கு. தண்டனைக்குப் பிறகு உங்கள் மகன் திருந்தியவனாகத் தெரிகிறானா, திடனற்றுப் போனவனாகத் தெரிகிறானா?

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். குடும்ப ஜெபத்தில் வைத்துக் கேட்காதீர்கள், அம்மா முன்னால் நாடகம் மாதிரி ஆகிவிடும். விடுமுறை நாளில் ரப்பர் பால் எடுக்கக் கூடவருவான் என்றால் தோட்டத்தில் வைத்துச் சொல்லலாம். ‘மக்கா, பெல்ட் எடுத்தது அப்பா செஞ்ச தப்பு. இனிமேல் கைநீட்டமாட்டேன்.’ இவ்வளவு போதும். ‘நீயும் கொஞ்சம்…’ என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தால் முதல் வாக்கியம் செத்துப்போகும். வசனம் வேண்டாம். அவன் பதில் சொல்லாமல் பால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். நடக்கட்டும். ‘மன்னிச்சேன்னு சொல்லு’ என்று கேட்காதீர்கள். பதினைந்து வயதுப் பையன்கள் சொன்னதை நம்பமாட்டார்கள், மாதக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

திடப்படுத்தல் என்பது, குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது பெற்றோர் கொடுத்த வாக்கைப் பிள்ளை தன் வாயால் தானே ஏற்றுக்கொள்வது. அடித்து அனுப்பினால் அந்த வாக்கு யாருடையது? இந்த வருஷம் அவன் போகாவிட்டால் அடுத்த வருஷம் போவான், அல்லது அதற்கடுத்த வருஷம். பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு இருக்கிறது. வகுப்பு எடுக்கும் போதகரோ வாலிபர் ஐக்கியத்து அண்ணன்மார் யாராவதோ அவனிடம் தனியாகப் பேசட்டும். நீங்கள் சொல்லி அனுப்பியதாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. கடிதத்தின் நடுவில், ‘மகளும் ஜெப நேரம் வந்தால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறீர்கள். சரி, முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றும் இல்லை என்றால் அது பயம். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பயம் வயிற்றில்தான் வரும், பொய்யாக வராது, உண்மையாகவே வலிக்கும். அண்ணன் அடிவாங்கியது எந்த நேரத்தில்? இரவு 9 மணிக்குத்தானே.

ஜெப நேரத்தை மாற்றிப் போடுங்கள்

நீங்கள் ஜெபிப்பதைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு பத்தரைக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுகிறவர் மூன்றரை மணி நேரம்தான் தூங்குகிறார். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பொறுமை குறையும், சின்னச் சத்தம்கூட எரிச்சலாகும். இது விசுவாசக் குறைவு இல்லை, உடம்பு அப்படித்தான். குடியை விட்டவர்களுக்கு இந்த எரிச்சல் இன்னும் அதிகமாகத் தெரியும். முன்பு குடியால் அமுக்கி வைத்த கோபமும் வருத்தமும் இப்போது வெளியே வரும், அதைக் கையாளப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒருமுறை போய்ப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெட்டு உள்ள நாட்களில் இரண்டு மணி ஜெபம் வேண்டாம். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறையும் வரை உங்களுக்கு ஒரு இடைவெளி கிடைக்கிறதே, அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் ஒரு கட்டன் சாயாவோடு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளிச்சம் வரும் நேரம், தோட்டத்தில் சத்தம் இருக்காது, உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அரை மணி நேரம் வேதம் வாசித்து ஜெபிக்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது. வீட்டில் யாருடைய தூக்கமும் கெடாது.

வெள்ளிக்கிழமை உபவாசத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இருட்டில், சரிவில், கையில் வெட்டுக் கத்தியோடு. டாக்டரிடம் கேட்காமல் இனி ஒரு நாளும் உபவாசம் இருக்காதீர்கள். 21 நாள் என்ற பேச்சே வேண்டாம்.

குடும்ப ஜெபத்துக்கு வருவோம். ரப்பரை ஒன்றுவிட்டொரு நாள்தான் வெட்ட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; பால் நிறைய வருகிறதே என்று தினமும் வெட்டினால் பட்டை மரத்து, பால் நின்றுபோகும். ஆலையில் நின்றுவிட்டு வந்து சமைத்து முடித்த பெண்ணையும், டியூஷன் முடிந்து வந்த பையனையும், தூக்கம் கண்ணைச் சொக்கும் குழந்தையையும் தினமும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் அதுதான் நடக்கும். பத்து நிமிஷம் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீர்த்தனை, மகள் பிடித்ததைச் சொல்லட்டும். ஒரு சங்கீதமோ சுவிசேஷத்தில் ஒரு பகுதியோ. ஒரு சின்ன ஜெபம். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் மனைவி. மனைவி நடத்தும் நாளில் நீங்கள் வாய் திறக்காமல் ஆமென் மட்டும் சொல்லுங்கள். மகன் வராவிட்டால் கூப்பிட வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கள்.

ஜெபத்தில் யாரையும் கண்டிக்காதீர்கள். ‘ஆண்டவரே, இந்த வீட்டில் கீழ்ப்படியாத பிள்ளையின் இருதயத்தை உடையும்’ என்று தினமும் ஜெபிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பல வீடுகளில் இதைக் கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தேவனிடம் பேசுவதுபோலப் பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவது அது. அவனால் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. மகனுக்காகத் தோட்டத்தில் தனியாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள். அவன் காதில் விழ வேண்டாம்.

மனைவிக்கு இன்னொரு காரியமும் பாக்கி இருக்கிறது. ‘பழையவைகள் ஒழிந்துபோயின, அவள் ஏன் அதையே நினைக்கிறாள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். தேவன் மன்னித்ததால் உங்கள் மனைவிக்கு அந்த வருஷங்கள் மறந்துபோகாது. இரவெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். சகேயுவின் வீட்டுக்கு இயேசு வந்த அன்றைக்கே சகேயு யாரிடம் என்ன எடுத்தேன் என்று கணக்குப் பார்த்தான், நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். பழசைப் பேசாதே என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மனைவி பேசும் நாள் வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வாதாட ஒரு வரிகூடத் தேவையில்லை.

கமிட்டித் தேர்தல்

இந்த முறை நிற்காதீர்கள். தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் வருவது உங்களுக்கே தெரியும். மகனை ஆலயத்துக்கு இழுத்துவர நீங்கள் இவ்வளவு அவசரப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஜெபக் குழுத் தலைவருக்கும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், கொஞ்ச நாளைக்கு முழு இரவு ஜெபத்துக்கு வர முடியாது என்று. ஆலோசனைக்கு உங்கள் போதகரிடம் மனைவியோடு சேர்ந்து போங்கள். ஊருக்குள் பேச்சாகிவிடும் என்று மனைவி தயங்கினால், சபைக்கு வெளியே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பெண் ஆலோசகரைப் பார்க்கலாம். யாரைப் பார்ப்பது என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்த வெட்டு இல்லாத நாளில் அடகு ரசீதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், மனைவி சம்மதித்தால் இருவருமாக எழுதுங்கள். அவர் தனியாக எழுத விரும்பினால் அதற்கும் இதே முகவரிதான். அவர் எழுதுவதை உங்களிடம் காட்டமாட்டேன், இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அவரிடமும் சொல்லிவிடுங்கள்.